ருக்கியா பக்கத்துப் பிரேக்

பஸ்ஸின் பின்பக்கத்தில் முட்டியதற்கு என் மனைவி ருக்கியா என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. திட்டவில்லை. என் பழைய மொரிஸ் மைனர் காரின் கதவைத் திறந்து இறங்கினாள், கைப்பையைத் தோளில் மாட்டினாள், நாங்கள் முட்டிய அதே பஸ்ஸில் ஏறிக் கண்டி ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்குப் போய்விட்டாள். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு முன்னால், காலை ஏழரை மணிக்கு, பெயிண்ட் கடை நளீர் என்று ஊருக்கே தெரிந்த நான், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸில் ஒரு கீறல்கூட இல்லை. கீறல் என் மானத்தில்தான்.

மாலையில் டியூட்டி முடிந்து வந்தவள் பிளேன்டீ ஊற்றியபடி ஒன்றே ஒன்று சொன்னாள்.

"அது ஒழுங்கா நிக்கிற வரைக்கும் நான் அதுல ஏறமாட்டன். நப்லாட புது வீட்டு விருந்துக்கும் பஸ்லதான் போற. நீங்க வேணுண்டா காருல வாங்க."

நப்லா அவளுடைய தங்கை. கலஹாவில் வீடு கட்டி முடித்திருந்தாள். விருந்துக்கு மூன்று வாரம் இருந்தது. ஒரே விருந்துக்குப் புருஷன் காரிலும் பெண்சாதி பஸ்ஸிலும் போய் இறங்கினால் அந்தக் குடும்பம் எத்தனை வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் என்று எனக்குத் தெரியும். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். அவள் பக்கத்தில் இல்லாமல் ஓட்டுவதற்கு எனக்கு அந்தக் காரே தேவையில்லை. அவள் ஏறாததைத்தான் தாங்க முடியவில்லை.

ஆறு வருஷமாக நான் பார்த்துப் பார்த்துச் செய்த கார் அது. வெளிர் பச்சை நிறம், நானே கலந்தது. முன் சக்கரங்களுக்கு ஒரு ஜப்பான் காரின் டிஸ்க் பிரேக் போட்டேன். மிதியின் பலத்தைப் பெருக்கித் தரும் பூஸ்டர் கிடையாது. மிதிக்கிற காலின் பலம்தான் பிரேக்கின் பலம். ஆனால் முதல் நாளிலிருந்தே ருக்கியா தன் பக்கத்திலும் ஒரு பிரேக் வைத்திருந்தாள். இறக்கம் வந்தால் வலது காலால் தரையை மிதிப்பாள். அந்த இடத்தில் ரப்பர் விரிப்பே தேய்ந்துவிட்டது.

"இல்லாத பிரேக்க என்னத்துக்கு மிதிக்கிறீங்க?" என்று கிண்டல் செய்தால், "ஒங்கட பிரேக்க விட இது நல்லாப் பிடிக்குது" என்பாள்.

காரைப் பல்லேகலயில் யோகராஜின் கராஜுக்குக் கொண்டுபோனேன். முதல் வாரம் பிரேக் குழாய்களில் காற்று இருக்கிறதா என்று பார்த்தார். ஒரு முறையல்ல, மூன்று முறை ஒயிலை வடித்துக் காற்றெடுத்தார். இரண்டாவது வாரம் பிரேக் பேட் நான்கையும் மாற்றினார், டிஸ்க்கைக் கடைந்து எடுத்தார். மூன்றாவது வாரம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு காரைப் பார்த்தார்.

"காத்து இல்லவே இல்ல நாநா. காத்து இருந்தா பெடல் மெத்துன்னு போகும். இது கல்லு மாதிரி இருக்கு. பேசாம ஒரு பூஸ்டர் வச்சிருவமா?"

"வச்சா கார்ட அழகே போயிரும் யோகா" என்று கத்தினேன். பாவம், அவர் என்ன செய்வார். எனக்கு யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை.

விருந்துக்கு இரண்டு நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்காகக் கடையை மூடியவன், தொழுதுவிட்டு அப்படியே வீட்டுக்கு வந்து கதிரையில் சாய்ந்தேன். மூன்று வாரம் அந்தக் கல்லை மிதித்து மிதித்து வலது முழங்கால் வீங்கியிருந்தது. ருக்கியா தைலம் தேய்த்துவிட்டாள். கோபமாக இருந்தாலும் நர்ஸ் நர்ஸ்தான்.

"எனக்கு ஒண்டுமே விளங்குதில்ல" என்று புலம்பினேன். "பேட் புதுசு. டிஸ்க்கும் கடைஞ்சாச்சு. மாஸ்டர் சிலிண்டர்கூட லொறிட சிலிண்டர். பழசுக்கு இருமடங்கு ஈக்குது."

தேய்த்த கை நின்றது. "அது என்ன சாமான்?"

"பெடல மிதிச்சா ஒயில அழுத்தி சக்கரத்துக்கு அனுப்புற சாமான். யோகா இவ்வளவு பெருசு என்னத்துக்கு எண்டு கேட்டார்தான். லொறியவே நிப்பாட்டுது, இந்தப் பூச்சிய நிப்பாட்டாதா எண்டு நான்தான் சொன்ன."

எங்கள் ஊரில் இதுதான் வழக்கம். மலைப்பாதை என்றால் எதையும் ஒரு அளவு பெரிதாகப் போடு என்பார்கள். நானும் போட்டேன்.

ருக்கியா எழுந்துபோய் மருந்து வைக்கும் மேசை லாச்சியை இழுத்துத் திறந்தாள். இரண்டு சிரிஞ்சுகள் எடுத்தாள், ஒன்று பெரிது, ஒன்று சின்னது. இரண்டிலும் தண்ணீரை இழுத்து, ஒரு துண்டு டியூபால் இணைத்தாள். பெரியதை என்னிடம் தந்தாள்.

"அழுத்துங்க."

அழுத்தினேன். சின்னதின் தண்டை அவள் கட்டைவிரலால் தடுத்துப் பிடித்தாள். நான் முகம் சிவக்க அழுத்தியும் அது அசையவில்லை. அவள் கொட்டாவி விட்டாள். நடிப்புத்தான், ஆனாலும் எரிச்சலாக இருந்தது.

"இப்ப மாத்துவம்." சின்னதை என் கையில் தந்து பெரியதை அவள் பிடித்தாள். நான் ஒரு விரலால் மெல்ல அழுத்தினேன். அவள் இரண்டு கையாலும் பிடித்திருந்த தண்டு அவளை மீறிக்கொண்டு வெளியே வந்தது.

"வாட்டுக்குப் புதுசா வாற நர்ஸ் பிள்ளைகளுக்கு முதல்ல இதத்தான் சொல்லுற. அடைச்ச டியூப சின்ன சிரிஞ்சால அழுத்தாதீங்க, அதுட அழுத்தத்துல டியூப் வெடிச்சிரும் எண்டு. ஒங்களுக்கு வெடிக்கிற மாதிரி அழுத்தம்தானே வேணும்? பிறகு என்னத்துக்குப் பெருசு?"

லொறியில் அந்தப் பெரிய சிலிண்டரை அழுத்துவதற்கு ஒரு பூஸ்டர் இருக்கிறது. என் காரில் என் முழங்கால்தான் இருக்கிறது. ஆறு வருஷம் கார் கட்டியவனுக்கு இது ஏன் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள். பழைய சின்ன சிலிண்டர் என் கடை மேசையில், நிற அட்டைகள் பறக்காமலிருக்கப் பாரமாகக் கிடந்தது.

சனிக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு பல்லேகலக்கு ஓடினேன். யோகராஜ் அதன் உள்ளிருந்த ரப்பர்களை மாற்றிப் பூட்டிக் காற்றெடுத்தார். கராஜுக்குப் பின்னாலிருந்த பாதையில் ஓட்டிப் பார்த்தோம். பெடல் முன்பைவிட ஆழமாக இறங்கியது.

"யோகா, இறங்குது!"

"இறங்கட்டும் நாநா, மிதிங்க!"

மிதித்தேன். கார் நின்றது. அதுவும் எப்படி? யோகராஜின் சாப்பாட்டுப் பெட்டி பின் சீட்டிலிருந்து பறந்து என் தோளில் விழுந்தது. அத்தனை சந்தோஷத்தில் பருப்புக் கறியைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்!

ஆனால் ருக்கியா என் வாய்ப்பேச்சை நம்பிவிடும் ஆளில்லை. ஞாயிறு காலை எங்கள் லேனின் இறக்கத்தில், நடு ரோட்டில், தன் அந்தூரியச் சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். மூன்று பூ பூத்திருந்த, என்னைத் தண்ணீர் ஊற்றக்கூட விடாத சட்டி.

"மேலருந்து வாங்க. இதுக்கு முன்னுக்கு நிக்கணும்."

வந்தேன். நின்றேன். இடையில் ஒரு சாண் இருந்தது. அவள் குனிந்து அளந்து பார்த்தாள். சட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தாள், கைப்பையோடு வந்து முன் சீட்டில் ஏறினாள்.

போகும்போது பேராதனை தாண்டும் வரை அவள் கால் விரிப்பிலேயே இருந்ததைக் கவனித்தேன். விருந்து அமர்க்களமாக நடந்தது. நப்லா ஒரு பை நிறைய ரம்புட்டான் தந்து வழியனுப்பினாள்.

கலஹாவிலிருந்து இறங்கும்போது வளைவுக்கு மேல் வளைவு. தேயிலை மலை ஒரு பக்கம், பள்ளம் மறு பக்கம், எதிரே ஒரு பஸ். மிதித்தேன். கார் பணிந்து ஒதுங்கி நின்றது. பழக்கத்தில் அவள் பக்கத்து விரிப்பைப் பார்த்தேன். தேய்ந்த இடத்தில் அவளுடைய செருப்புகள் மட்டும் கிடந்தன.

நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு காலையும் சீட்டின் மேல் மடித்து வைத்துக்கொண்டு, ரோட்டையே பார்க்காமல், ரம்புட்டான் உரித்துக்கொண்டிருந்தாள். உரித்த ஒன்றை என் வாயில் வைத்தாள்.

அந்த இறக்கம் முழுவதும் காரில் பிரேக் பிடித்தது நான் ஒருவன்தான்.