வராத புயல்

1

இந்தக் கதை ஒரு எரிச்சலில் பிறந்தது. டோங்கா தீவுநாட்டின் தலைநகரான எங்கள் நுகுஅலோஃபாவில் புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. முதலாளி ஒருவர் நேர்மையாக முடிவெடுத்ததற்கு உள்ளூர் உதாரணம் வேண்டும், ஒரு பக்கம் போதும் என்று என்னிடம் கேட்டார்கள். கப்பல் நிறுவனம் நடத்தும் கலோலைனே ஒருநாள் தன் கப்பலை நிறுத்தியதை எழுதிக் கொடுத்தேன். வகுப்பு நடத்தியவர் படித்து முடித்துத் தலையைத் தூக்கினார்.

"அப்புறம் புயல் வந்துச்சா?"

"வரல."

"வேற ஏதாவது கப்பல் முழுகிச்சா?"

"இல்ல. கடல் அன்னைக்கு எண்ணெய் ஊத்தி வச்ச மாதிரி கிடந்துச்சு."

"அப்ப அந்தம்மா செஞ்சது சரின்னு எதை வச்சுச் சொல்றது?"

பக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நல்ல மனிதர்தான். கேள்வியும் நியாயமானதுதான். அதனால்தான் அது என்னை விடவில்லை.

2

முதலில் எழுதிப் பார்த்த தொடக்கம்: "கரிய மேகங்கள் துறைமுகத்தின் மேல் கவிந்து, காற்று உறுமத் தொடங்கிய அந்தக் காலையில்—"

[வேண்டாம். அன்று மேகமே இல்லை. அந்த வகுப்புக்காரருக்காக மேகத்தைக் கூட்டி வரப் பார்த்திருக்கிறேன்.]

அடுத்தது: "அச்சம் என்றால் என்னவென்றே அறியாத பெண்மணி கலோலைனே—"

[இதுவும் போகட்டும். அவள் பயந்ததை நான் பார்த்தேன். ஹாபாய் தீவில் ஒரு கல்யாணத்துக்குப் போவதற்காக நானும் அந்தக் கப்பலில் ஏறியிருந்தேன்.]

இனி நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

3

கலோலைனேயின் அப்பா ஹவேயா இறந்துபோனார். தீவுகளுக்கு நடுவே ஆளையும் சரக்கையும் ஏற்றிப் போகும் அந்தக் கப்பலை வாங்கி, ஓட்டி, நிறுவனமாக்கியவர் அவர். சில வருடங்களாக நிர்வாகம் முழுக்க மகளிடம்தான். தலைநகர் ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று. சொந்தத் தீவான ஹாபாயில் அடக்கம். அவருடைய கப்பலிலேயே அவரைக் கொண்டுபோவதென்று ஏற்பாடு.

பெட்டி மேல்தளத்தில் இருந்தது. தலைமாட்டில் அவருடைய அக்கா லாதாய் உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் மெல்லிய அழகான பாய்; துக்கத்துக்குப் பாய் சுற்றிக்கொள்வது எங்கள் வழக்கம், அந்தஸ்து உயர உயரப் பாயும் மெல்லியது. எங்கள் ஊர்ச் சாவு வீட்டில் அத்தை சொன்னால் சொன்னதுதான். மந்திரியாக இருந்தாலும் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.* கலோலைனேயோ இறந்தவரின் மகள், அதனால் அன்று எல்லாரையும்விடக் கீழே. கந்தலாகப் போன பெரிய பாயை மார்பு வரைக்கும் சுற்றிக்கொண்டு, முடியை விரித்துப் போட்டு, கிழங்கு மூட்டைகளுக்கும் பன்றிகளுக்கும் நடுவில் நின்றிருந்தாள்.

(* தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உங்கள் அத்தைகளுக்குக் கொஞ்சம் கூடுதல் அதிகாரம் கொடுத்துப் பாருங்கள், போதும்.)

சாவுக்கென்று கூடுதல் கூட்டம். நிற்கவும் இடமில்லை. கப்பல் இன்னும் துறைமுகத்தில்தான், இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

4

இந்தப் பகுதியை நான் பார்க்கவில்லை. அவள் பிற்பாடு சொன்னது.

இயந்திர அறைப் பொறுப்பாளர் சைமோனே மேலே வந்து அவள் காதில் ஏதோ சொன்னார். அவள் பாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏணி வழியாக இறங்கினாள். கப்பலின் அடிவயிற்றில், முழங்கால் நனையும் அளவுக்குத் தண்ணீர்.

"எத்தனை நாளா அண்ணே?"

"போன நடையிலயும் இருந்துச்சு. இந்த அளவுக்கு இல்ல. பம்பு இழுத்துப் போட்டுருது, பயப்படாத. மேல் தளத்தக் கழுவுன தண்ணியா இருக்கும், மழைத் தண்ணியா இருக்கும்."

அவள் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். உப்பு.

சைமோனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பம்பு நின்னா?"

"இன்னொரு பம்பு இருக்கு."

"அது ஓடுதா?"

"ஓடும்... முன்னாடி ஓடிச்சு." கையைத் துடைத்துக்கொண்டு, "கலோ, கப்பலுக்குச் சான்றிதழ் இருக்கு. இன்னைக்குப் போனா யாரும் உன்னைக் கேக்க முடியாது. உங்கப்பாவைக் கொண்டுபோய்ச் சேத்துருவோம். அப்புறம் பாத்துக்கலாம்."

[சைமோனேயைப் பொய்யராக எழுதிவிடலாமா என்று யோசித்தேன். கதைக்கு வசதியாக இருக்கும். ஆனால் அவர் தன் முதலாளியின் பிணத்தை ஊர் சேர்க்க நினைத்தார், அவ்வளவுதான். அதோடு, மேலே வந்து சொன்னவரே அவர்தானே.]

சட்டம் இடம் கொடுத்தது. கடல் இடம் கொடுத்தது. சொந்தமெல்லாம் மேலே காத்திருந்தது. அவளுக்கு எதிராக இருந்தது நாக்கில் ஒட்டிய அந்த உப்பு ஒன்றுதான்.

"இஞ்சினை நிறுத்துங்க அண்ணே" என்றாள்.

5

இரைச்சல் நின்றதும் கப்பல் முழுவதும் பேச்சும் நின்றது. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒரு பெரியவர் தன் பன்றியைக் காட்டினார்.

"இதுவே தைரியமா ஏறி உக்காந்திருக்கு. உனக்கென்னம்மா பயம்?"

"அது ஊர் போய்ச் சேந்தா அடுப்புல போறது மாமா. அதுக்கென்ன, எங்க போனாலும் ஒண்ணுதான்."

சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பெட்டியருகே போய், அத்தையின் பார்வைக்குக் கீழே, தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"அத்தை, கப்பல் போகாது. அடியில கடல் தண்ணி ஏறுது."

லாதாய் அவளைப் பார்க்கவே இல்லை. பெட்டியைப் பார்த்துப் பேசினாள்.

"கேட்டியாடா தம்பி? உன் பொண்ணு சொல்றா. நீ ஒருநாளாவது கப்பலை நிறுத்தியிருப்பியா?" பிறகுதான் மருமகளிடம் திரும்பினாள். "எந்தப் பாயைக் கட்டிக்கிட்டு யாருகிட்ட பேசுற? உனக்கு இன்னைக்கு இடம் அடுப்பங்கரை."

"ஆமா அத்தை. அடுப்பங்கரைக்குப் போறேன். கப்பலை அனுப்ப மாட்டேன்."

அத்தை பெட்டியின் மேல் கையை வைத்தாள். அப்புறம் குரல் இறங்கியது.

"சரி. இந்த ஜனங்களை இறக்கிவிடு. நாங்க கிழடுங்க மட்டும் அவன்கூடப் போறோம். முழுகினா அவனோட முழுகுறோம். எங்களுக்கு அது பெரிசில்ல."

[இங்கே நான் பேனாவைக் கீழே வைத்தேன். அத்தையைக் கொடுமைக்காரியாக்க நினைத்திருந்தேன். இந்த ஒரு வார்த்தையில் அது முடியாமல் போயிற்று. நானாக இருந்தால் இந்த இடத்தில் தலையாட்டியிருப்பேன். யாருக்கும் கெட்ட பெயர் இல்லை, ஜனங்களும் தப்பித்தார்கள், சடங்கும் நடக்கும்.]

கலோலைனே கந்தல் பாயின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கப்பலை யார் அத்தை ஓட்டுவா? கீழ இருக்கிற பசங்க போன்னா போயிருவானுங்க. நான் சம்பளம் குடுக்கிறவ, அதனால போவானுங்க. அவங்க வீட்டுலயும் அத்தை இருக்கா."

லாதாய் கையை ஊன்றி எழுந்தாள்.

"என் தம்பியை இறக்குங்கடா."

அவள் சொன்னதால்தான் பெட்டி இறங்கியது. பெட்டி இறங்கியதால்தான் ஜனங்கள் இறங்கினார்கள். படியருகே மருமகளைத் தாண்டும்போது அத்தை நின்றாள்.

"என் மூஞ்சில முழிக்காத."

6

போட்டி நிறுவனத்தின் கப்பல் பக்கத்திலேயே நின்றது. அவர்கள் பெட்டியையும் கூட்டத்தையும் சந்தோஷமாக ஏற்றிக்கொண்டார்கள். கலோலைனேயும் அதில்தான் வந்தாள், தளத்தில் ஒரு மூலையில். பயணம் முழுக்க அலையே இல்லை. யாரோ ஒருவன் வேண்டுமென்றே அவள் காதில் விழும்படி, "இந்தக் கடலுக்கா பயந்தாங்க?" என்றான். ஹாபாயில் அவள் புகை மண்டிய அடுப்பங்கரையில் கிழங்கு சீவினாள். அத்தை தலைமாட்டில் இருந்தாள். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அப்பாவைக் குழியில் இறக்கியபோது அவள் கூட்டத்துக்குப் பின்னால் நின்று எக்கிப் பார்த்தாள்.

அவள் விரலை நாக்கில் வைத்த கதை பரவி, ஊர் அவளுக்கு 'உப்பு நக்கி' என்று பெயர் வைத்தது. சரக்குக்காரர்கள் போட்டிக் கப்பலுக்கு மாறினார்கள். அவளுடைய கப்பலை மெல்ல ஃபிஜிக்குக் கட்டி இழுத்துப்போய்த் தூக்கிப் பார்த்தபோது, பட்டறைக்காரர் அரித்துப்போன தகட்டைத் தட்டிக் காட்டினாராம்.

"இன்னும் ஒரு வருஷம் தாங்கியிருக்கும். இல்ல, அடுத்த நடையிலயே விட்டிருக்கும். இரும்பு நம்மகிட்ட சொல்லிக்கிட்டா விடும்?"

அவளுக்குக் கிடைத்த தீர்ப்பு இவ்வளவுதான். கப்பல் திரும்பி வரும்வரை அவள் ஒரு ஆளையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. சந்தையில் தார்ப்பாய் விரித்து வாழைக்குலை விற்றாள். சைமோனே குலைகளைத் தூக்கி வைப்பார். "உப்பு நக்கி கடையில இனிப்பா இருக்குமா பழம்?" என்று கேட்டவர்களுக்கு, "நக்கிப் பாத்துட்டுத்தான் விக்கிறேன்" என்று பதில் சொன்னாள்.

7

முடிவுக்கு வந்துவிட்டேன். எழுதிப் பார்த்தவை:

அ. போட்டிக் கப்பல் சில மாதம் கழித்து முழுகுகிறது. ஊர் அவள் காலில் விழுகிறது. [அது முழுகவில்லை. இன்றும் நன்றாக ஓடுகிறது. ஒருத்தியைச் சரியாக்க அத்தனை பேரைக் காகிதத்தில்கூடச் சாகடிக்க எனக்கு மனம் வரவில்லை. புயல் வந்திருந்தால் அவளுக்குக் கூட்டாளியாக ஒரு புயல் இருந்திருக்கும். அவள் தனியாகச் சரியாக இருந்தாள். நான் அவளை வியப்பது அதற்காகத்தான்.]

ஆ. துக்கம் முடிந்து முடி கத்தரிக்கும் சடங்கு நாளில் அத்தை அவள் விரிந்த முடியைக் கையில் எடுத்து, கத்தரிப்பதற்கு முன் காதில் ஏதோ சொல்— [அழகாக இருக்கிறது. பொய்.]

நடந்தது இது. கப்பல் பழுது பார்த்து வந்து, முதல் நடை. பழைய கூட்டத்தில் பாதிகூட இல்லை. லாதாய் துறைமுகத்துக்கு வந்தாள். கையில் ஒரு பை, வாழையிலையில் கட்டிய சாப்பாடு. தம்பியின் கல்லறைக்குப் போக வேண்டுமாம். பக்கத்தில் போட்டிக் கப்பல் ஆள் கூவிக் கூவி அழைத்துக்கொண்டிருந்தான். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

கலோலைனே படியருகே நின்றிருந்தாள். வேலைக்காரப் பையன்கள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

"போகுமா இன்னைக்கு?" என்றாள் அத்தை.

"கீழ போய்ப் பாத்துட்டுச் சொல்றேன் அத்தை."

லாதாய் முகத்தில் எதுவும் மாறவில்லை. கயிறு சுற்றும் இரும்புக் குற்றியின் மேல் துணியை விரித்து உட்கார்ந்தாள். மருமகள் ஏணியில் இறங்கிப் போனாள்.

அன்று கப்பல் கிளம்பியதா என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். வகுப்புக்காரரைப் போல நீங்களும் கேட்பீர்களானால், கிளப்புவதோ நிறுத்துவதோ உங்கள் பாடு. எனக்குப் போதுமானது, வெயிலில் உட்கார்ந்து இலையைப் பிரித்து, அவசரமே இல்லாமல் கிழங்கைப் பிட்டுத் தின்றுகொண்டு, மருமகள் மேலே வரட்டும் என்று காத்திருக்கும் அந்த அத்தை.