இடது கை சொன்ன பொய்

எலும்பு முறிந்து ஏழு வாரம் ஆகிறது. எனக்கோ ஏழு வருடம் போல இருக்கிறது. வலது உள்ளங்கையில், மோதிர விரலுக்குக் கீழே இருக்கும் எலும்பு. சுண்டுவிரல் நீளம்கூடத் தேறாது. அதற்காக ஆறடிப் பெண்ணான நான் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்கிறேன். வாலிபால் அணியில் என் பட்டப்பெயர் சுவர். இப்போது யாராவது அப்படிக் கூப்பிட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். தேர்வுக் குழு வருகிறது. பிசியோ அக்கா கையெழுத்துப் போட்டால்தான் இறங்க முடியும். அவருடைய விதி இதுதான்: கைப்பிடியின் பலத்தை அளக்கும் கருவியை இரண்டு கையாலும் தனித்தனியே அழுத்த வேண்டும். நல்ல கையின் பலத்தில் தொண்ணூறு சதவீதமாவது உடைந்த கைக்கு வந்திருக்க வேண்டும்.

உடைந்த கையின் அளவை ஏற்ற முடியாவிட்டால் என்ன, நல்ல கையின் அளவை இறக்கலாமே. பஸ்ஸில் வரும்போது தோன்றியது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

வலது கையால் அழுத்தினேன். இருபது கிலோ. இடது கையால் லேசாகப் பிடித்து, முழு பலம் போடுவதுபோல் பல்லைக் கடித்து நடித்தேன். இருபத்திரண்டு.

அக்கா பேனாவை எடுக்கவில்லை. பழைய தாளைப் புரட்டினார்.

"சீசன் ஆரம்பத்துல இடது கை முப்பத்தஞ்சு இருந்துச்சேம்மா. கழுத்து நரம்புல ஏதாவது கோளாறோ என்னமோ. ஸ்கேன் எடுக்காம உன்ன ஓடக்கூட விடமாட்டேன்."

டாக்டரை அழைக்கப் போனை எடுத்தார். வசமாக மாட்டிக்கொண்டேன்.

"வேணாங்க்கா. நான் சும்மாதான் பிடிச்சேன்."

கருவியை வாங்கி இடது கையால் ஒரே அழுத்து. முப்பத்தாறு.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டார்.

"ஏண்டி இப்படி உயிர வாங்குற? நான் பயந்தே போயிட்டேன்."

"நீங்க சொன்ன எல்லாத்தையும் செஞ்சேன்க்கா. பந்தைத் தொடவே இல்ல. இன்னும் என்னதான் பண்றது?"

என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் கருவியைத் துடைத்து என் வலது கையில் வைத்தார்.

"பதட்டத்துல இதையும் சரியா அழுத்தியிருக்க மாட்ட. இன்னொரு தடவ பாக்கலாமா?"

என்னைவிட அவருக்குத்தான் ஆசை அதிகமாக இருந்தது. கருவியைத் திருப்பிக் கொடுத்தேன்.

"இல்லக்கா. அந்த இருபதுதான் என் முழு பலம்."