சுயவிருப்பின் பேரில்

"ஆமிக் காம்பில வெச்சிருந்தத வாய் தவறியும் சொல்லிராதீங்க. கேட்டா, காச்சல் வருத்தமாக் கிடந்த எண்டு சொல்லுங்க. கையெழுத்தப் போட்டுட்டு வாற வழியப் பாப்பம்."

பள்ளிக்கூட மண்டபத்து வாங்கில் கணவனை ஒட்டி உட்கார்ந்திருந்த இலட்சுமிப்பிள்ளை, விடியத் தோணியில் சொன்னதையே மறுபடியும் சொன்னாள். கோணாமலை தலையாட்டினான். அவனுக்கும் வேறு வழி தெரியவில்லை.

மலைநாட்டில், அணைக்கட்டொன்றின் கீழிருந்த அரசாங்க மின் நிலையத்தில் டேர்பைன்களுக்கு எண்ணெய் போடுகிறவன் அவன். அணையின் நீர்ச் சுரங்கம் தோண்டிய காலத்தில் நாள்கூலியாகப் போய்ச் சேர்ந்தவன். மலைக்குள் ஈரத்தையும் வெடிமருந்துப் புகையையும் குடித்துக் கிடந்தான். அணை நிரம்பி மெஷின் ஓடத் தொடங்கிய பிறகும் வருஷக்கணக்கில் நாள்கூலிதான். கடைசியில்தான் நிரந்தர நியமனம் வந்தது. அதன் பிறகுதான் மாதச் சம்பளம், லீவு, வயது போன காலத்துக்கென்று ஒரு சேமிப்பு. மாமனாரின் முப்பத்தோராம் நாள் சடங்குக்காக ஒரு கிழமை லீவு போட்டு, வாவியின் மறுகரையில் வீடு இருந்த வவுணதீவுக்கு வந்தான். தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் அது. அந்தக் கிழமையிலேயே இயக்கத்துக்கும் ராணுவத்துக்கும் சண்டை தொடங்கிவிட்டது. பாதை மூடியது. தபால் நின்றது. ஆவணியில், வருவது வரட்டும் என்று வேலைக்குத் திரும்பப் புறப்பட்டவனை, வாவியைக் கடந்ததுமே ராணுவச் சென்றியில் மறித்துக் காம்புக்குக் கொண்டுபோனார்கள். மின் நிலையத்து அடையாள அட்டையை எடுத்துக் காட்டினான். அதுவே வினையாயிற்று. இயக்கம் இருக்கிற அந்தக் கரையிலிருந்து மின் நிலையத்துக்குப் போய் என்ன செய்யப் பார்க்கிறாய், உன்னை அனுப்பியது யார் என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். மாரிமழை முடியும்வரை வைத்திருந்துவிட்டு ஒருநாள் காரணமெதுவும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தபோது வயல் வட்டை விதைக்காமல் புல்லேறிக் கிடந்தது. மாடுகளை யார் ஓட்டிப்போனதென்று தெரியவில்லை. இலட்சுமிப்பிள்ளை குளத்தில் இறங்கி ஒல்லிக்கிழங்கு கிண்டி அவித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

வேலைக்குத் திரும்பாதவர்களை விசாரிக்கக் கொழும்பிலிருந்து அதிகாரி ஒருவர் டவுனுக்கு வருகிறார் என்று கேள்விப்பட்டதும் அவள்தான் அவனை இழுத்துக்கொண்டு வந்தாள்.

அவனுடைய பெயரைக் கூப்பிட்டார்கள். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க, அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்யும் ஜெயராஜா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதிகாரி சத்தம் போடவில்லை, முகத்தைச் சுளிக்கவுமில்லை. கோணாமலையின் பைலைப் புரட்டியபடி, "அந்தக் கரையில் இருந்த ஆட்கள்தானே. இவ்வளவு நாளும் யாருக்கு வேலை செய்தார்களோ" என்று சிங்களத்தில் சொன்னார்.

"இவ்வளவு நாளும் நீங்க அறிவிக்காம இருந்திட்டீங்களாம்" என்றார் ஜெயராஜா.

சுரங்கத்தில் கூட வேலை செய்தவர்களிடமிருந்து சிங்களம் படித்தவன் கோணாமலை. அதிகாரி சொன்னதும் அவனுக்கு விளங்கியது, ஜெயராஜா மறைத்ததும் விளங்கியது. வருத்தமாகக் கிடந்தேன் என்றான். அதற்குப் பிறகு நிபந்தனையைச் சொன்னார்கள். சுயவிருப்பின் பேரில் வேலையை விட்டதாகக் கையெழுத்து வைத்தால், இரங்கித் திரும்ப எடுப்பார்கள். ஆனால் நாள்கூலியாக. பழைய சேவைக்காலம் போனது போனதுதான். அதே மெஷின், அதே எண்ணெய்க் கேன், முந்தின சம்பளத்தில் மூன்றிலொன்று. சுரங்கத்துக்குள் முதல் நாள் இறங்கிய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்துகிறார்கள் என்று கோணாமலை நினைத்தான். நினைத்தபடியே பேனையைக் கையில் எடுத்தான்.

"என்னவாம் எழுதியிருக்கு?" இலட்சுமிப்பிள்ளை பின்னாலிருந்து கேட்டாள்.

"நான் என்ட விருப்பத்தில வேலைய விட்டனாம்."

"ஆர்ர விருப்பத்தில?"

அவள் எழுந்து மேசையடிக்கு வந்தாள். விடியற்காலையிலிருந்து அவனுடைய வாயைப் பூட்டிக்கொண்டு வந்தவள், மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேரே அதிகாரியைப் பார்த்துப் பேசினாள்.

"இவர் வேலைக்கெண்டு வெளிக்கிட்டுத்தான் போனவர். வழியில புடிச்சி அடைச்சி வெச்சது அரசாங்கம். இப்ப ஏன் வேலைக்கு வரல்ல எண்டு கேக்கிறதும் அரசாங்கம். அடிச்சிப்போட்டு, இவரே விரும்பி அடிவாங்கினவர் எண்டு எழுதித் தரச் சொல்றீங்களா? நாங்க கிழங்கு கிண்டித் திண்டதும் எங்கட விருப்பமா?"

வாசலில் நின்ற சிப்பாய் திரும்பிப் பார்த்தான். என்ன சொல்கிறாள் என்று அதிகாரி கேட்டார். ஜெயராஜா நெற்றியைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக் கஷ்டத்தைச் சொல்கிறாள் என்று சிங்களத்தில் சொன்னார்.

கோணாமலை பேனையை மேசையில் வைத்தான். அவள் சொன்னதைச் சுரங்கத்துச் சிங்களத்தில், காம்பையும் அடியையும் கிழங்கையும் விடாமல், முதலிலிருந்து சொன்னான்.

அதிகாரி, காம்பில் வைத்திருந்ததற்குக் கடிதம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்.

"அடிச்சுப்போட்டு ஆர் சேர் கடிதம் குடுக்கிற?" கோணாமலை இதைத் தமிழிலேயே கேட்டான். ஜெயராஜா மொழிபெயர்க்கவில்லை. அதிகாரி தாளைத் தன் பக்கம் இழுத்து இரண்டு வரி எழுதினார். போகலாம் என்று கையைக் காட்டினார்.

ஜெயராஜா வாசல்வரை பின்னால் வந்தார். "தங்கச்சி, உங்கட மனுசன் மறுத்திட்டார் எண்டு சேர் எழுதிப்போட்டார். இனி வேலை கஷ்டம். சென்றியால போகக்கொள்ளயும் கவனம். உங்கட நன்மைக்குத்தான் நான் மாத்திச் சொன்னனான்."

"நான் சொன்னது ஒங்களுக்கு விளங்கின தானே?" என்று கேட்டாள் இலட்சுமிப்பிள்ளை.

சென்றியில் வரிசை நீண்டிருந்தது. சிப்பாய்கள் திரும்பும்போதெல்லாம் கோணாமலை அவளுக்கு முன்னால் நகர்ந்து நின்றான். யாரும் கூப்பிடவில்லை. இன்றைக்கு விட்டால் நாளைக்கு வீடு தேடி வரலாம். அவளுக்கும் அது தெரியும்.

தோணியில் அரிசிப் பைகளுக்கும் சைக்கிள்களுக்கும் நடுவே சனங்கள் குந்தியிருந்தார்கள். தோணி நகர்ந்த பிறகும் இலட்சுமிப்பிள்ளை உட்காரவில்லை.

"இரி புள்ள, தோணி பிரளப்போகுது" என்றான் தோணிக்காரன்.

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. வாவியில் கச்சான் காற்று எழும்பி முந்தானையை இழுத்தது. டவுன் பக்கம் முகத்தை வைத்தபடி, கால்களை அகட்டி ஊன்றி அவள் நின்றாள். தோணி ஆடியபோதெல்லாம் இருந்தவர்கள்தான் இரண்டு பக்கமும் மாறி மாறிச் சாய்ந்து அதைச் சமப்படுத்தினார்கள்.