கம்பளி உரசும் சத்தம்

தாடைக்குக் கீழே ஒரு கையகலம், நெஞ்செலும்புக்கு நேர் மேலே. சட்டை மைக்கை அங்கேதான் மாட்ட வேண்டும். இன்னும் மேலே போனால் தாடை குரலை மறைக்கும். கீழே போனால் வயிறு பேச ஆரம்பித்துவிடும். பட்டாணி அளவுள்ள அந்தக் கருவிக்குத் துணிதான் பகை. பருத்தி பரவாயில்லை. நைலான் மோசம். முரட்டுக் கம்பளி படுமோசம்.

இதைத்தான் பெர்னாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு எழுபத்தொரு வயது. அமெரிக்காவில் ஏரிக்கரை நகரமான டுலூத்தில் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர்.

"அம்மா, இந்த ஸ்வெட்டர் மட்டும் வேண்டாமே. பருத்தியில ஏதாவது போட்டுக்கிட்டா நல்லது."

"தம்பி, இது இவ பின்னினது. பின்னத் தெரியாம பின்னினது. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. இருபது வருஷமா போடறேன். இன்னைக்கா கழட்டுவேன்?"

"குட்டைக் கை ஒண்ணும் இல்ல. உன் கைதான் கோணல்," என்றார் பக்கத்தில் நின்ற லவோன். ஓய்வுபெற்ற நூலகர். இருவரும் ஒருவரையொருவர் மணந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. ஒரே வீட்டில் வாழ்ந்தது முப்பத்து மூன்று வருடம்.

பழைய வீடுகளைப் புதுப்பித்துக் கொடுக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சி எங்களுடையது. அதில் நான் ஒலிப்பதிவாளன். எல்லோரும் சமையலறையைப் பெரிதாக்கச் சொல்லித்தான் விண்ணப்பிப்பார்கள். இவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. மாடியில் இரண்டு படுக்கையறைகளுக்கு நடுவே இருந்த சுவரை எடுக்க வேண்டும். இரண்டாவது அறைக்குப் பெயர் 'பெர்னாவோட ரூம்'. அதில் பெர்னா ஓர் இரவும் தூங்கியதில்லை. லவோனின் அக்கா ஆர்லிஸ் அயோவாவிலிருந்து நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு வரும் முன், அந்தக் கட்டிலின் விரிப்பைக் கசக்கி வைப்பார்களாம். மேசையில் ஒரு புத்தகத்தைக் கவிழ்த்து, மேலே பெர்னாவின் பழைய கண்ணாடியை வைப்பார்களாம்.

"முப்பது வருஷமா அதே புத்தகம்," என்றார் பெர்னா. "ஆர்லிஸ் ஒரு தடவை கேட்டா, இன்னும் முடிக்கலியான்னு."

"அவ எங்க கல்யாணத்துக்கு வரல," என்றார் லவோன். "சண்டை போடல. முட்டி வலின்னா. ஆனா உங்க நிகழ்ச்சிய ஒரு வாரம் விடமாட்டா. கல்யாணத்தைப் பத்தி அப்புறம் பேச்சே எடுக்கல. எனக்கும் எடுத்துச் சொல்ல வாய் வரல, தம்பி. அந்த ரூமை அவ பாத்துட்டா போதும்."

படப்பிடிப்பின் கடைசி நாளுக்கு ஒரு முறை உண்டு. தம்பதியர் கண்ணை மூடிக்கொண்டு வருவார்கள். நிகழ்ச்சியை நடத்துபவர் மூன்று எண்ணுவார். கூடம், சமையலறை, கடைசியாகப் படுக்கையறை வாசல். அங்கே ஓர் அணைப்பு, ஒரு முத்தம். அந்த ஐந்து நொடிக்காகத்தான் ஜனங்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் இருவர் அணைத்துக்கொள்ளும்போது இரண்டு மைக்கும் நடுவில் நசுங்கும். உப்புத்தாளால் மரத்தைத் தேய்ப்பதுபோல் என் காதில் கேட்கும். நான் கையை உயர்த்துவேன். மைக்கை இடம் மாற்றி, "இன்னொரு தடவை கட்டிப்பிடிங்க" என்போம். தம்பதியர் சிரித்துக்கொண்டே மறுபடி அணைப்பார்கள்.

இவர்களுக்கு முன் ஆறு வருடத்தில் மூன்று ஜோடிகள் மட்டும் இரண்டு ஆண்களாகவோ இரண்டு பெண்களாகவோ வந்தார்கள். யாரும் அவர்களைக் குறையாக ஒரு சொல் சொன்னதில்லை. கேக் வாங்கினோம். நாயைக் கொஞ்சினோம். ஆனால் அவர்கள் அணைத்தபோது நான் கையை உயர்த்தினால், தயாரிப்பாளர் மார்சி கடிகாரத்தைப் பார்ப்பாள். "சத்தம் போச்சா? சரி விடு, நேரமில்ல. கிச்சனோட முடிச்சிக்கலாம்." திரையில் அவர்கள் சமையல் மேடைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராக நின்று குழாயைப் புகழ்வார்கள். அறை நண்பர்கள் என்றுதான் தோன்றும்.

மூன்றாவது ஜோடி அணைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. மார்சி என் கைக்காகவே காத்திருக்கிறாள். உறைத்த பிறகும் உயர்த்தினேன். சத்தம் உண்மையிலேயே கெட்டுத்தானே இருந்தது?

கிளென் என்னோடு பதினொரு வருடம் வாழ்ந்தவன். படப்பிடிப்புக்குச் சாப்பாடு கொண்டுவருவான். யாராவது கேட்டால், "வீட்டுல கூட இருக்கறவர்" என்பேன். அதிலும் பொய் இல்லை. ஒரு நாள் அவன் கூட இருப்பதை நிறுத்திக்கொண்டான்.

டிசம்பர் மாதம். டுலூத்தில் நாலு மணிக்கே ஏரிமேல் வெளிச்சம் செத்துவிடும். கூடமும் சமையலறையும் முடிந்தபோது மூன்றரை.

"ஒரே டேக்தான்," என்றாள் மார்சி என்னிடம். "காசு குடுத்த பெயின்ட் கம்பெனிக்காரன் கலரைக் காட்டணும், அது மாடியிலதான் இருக்கு, அதனால போறோம். கெட்டா கெட்டதுதான். வாரன், பாத்துக்கோ."

மாடி வாசலில் இருவரும் கண்ணைத் திறந்தார்கள். சுவர் இருந்த இடத்தில் வெறும் வெளிச்சம். ஒரே கட்டில், இரண்டு பக்கமும் விளக்கு. லவோனின் மூச்சு என் இடது காதில் கேட்டது.

"அடியே," என்றார் பெர்னா. "என் புஸ்தகம் எங்கடி?"

லவோன் சிரித்தார், சிரிப்பு உடைந்தது. "நம்ம ரூம்டி இது," என்று சொல்லி அவரைக் கட்டிக்கொண்டார். அந்தக் கோணல் கம்பளி இரண்டு மைக்கையும் அரைத்தது. காது கூசியது. ஒலி அளவுமானியின் முள் சிவப்பில் போய் நின்றது. பெர்னா குனிந்து அவர் வாயில் முத்தமிட்டார்.

"கட். வாரன், சத்தம்?"

என் வலது கை பழக்கத்தில் தானாகவே இடுப்புவரை எழுந்தது. அதை ஒலிப்பெட்டியின் மேல் வைத்து அழுத்திக்கொண்டேன்.

"சுத்தமா இருக்கு."

"நிச்சயமா?"

"சுத்தம்."

ஒலிப்பதிவாளன் சொல்லக்கூடிய பெரிய பொய் இதுதான். மார்சி என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தாளில் டிக் அடித்தாள்.

இரண்டு வாரம் கழித்துப் படத்தொகுப்பாளர் திட்டினார். "என்னய்யா இது, யாரோ மரம் அறுக்கற மாதிரி?" வேறு டேக் இல்லை. பெயின்டை வேறு எங்கும் காட்டவில்லை. முணுமுணுத்துக்கொண்டே அப்படியே விட்டுவிட்டார்.

மார்ச்சில் ஒளிபரப்பானது. மறுநாள் காலை லவோன் தொலைபேசியில் அழைத்தார்.

"ஆர்லிஸ் பேசினா."

"என்ன சொன்னாங்க?"

"முதல்ல டிவி ரிப்பேருன்னு நினைச்சாளாம். கரகரன்னு அது என்ன சத்தம்னு கேட்டா. பெர்னாவோட ஸ்வெட்டர்னேன். போனை வச்சிட்டான்னே நினைச்சேன். அப்புறம் கேக்கறா, 'அப்ப இந்த வருஷம் வந்தா நான் எங்க படுக்கறது?'"

"நீங்க?"

"சோபாலன்னேன். முட்டி வலிக்குமேன்னா. வேற என்ன பண்றது, வாங்கி வச்சிருக்கோம் ஒரு மடக்குக் கட்டில்." பின்னாலிருந்து பெர்னாவின் குரல் கேட்டது: "புஸ்தகத்தை அவகிட்டயே குடுத்துடு!"

பேசி முடித்துவிட்டு அந்தப் பதிவை மறுபடி போட்டேன். படத்தை அணைத்துவிட்டு, காதில் மட்டும். ஆறு வருடமாக நான் பழுது என்று எழுதிவைத்த சத்தம். கம்பளி, பருத்தி, அதற்கடியில் யாரோ ஒருவருடைய இதயம்.

கிளெனிடம் வரிவரியாய்ப் புடைத்த முரட்டுத் துணியில் பழுப்புக் கோட்டு ஒன்று இருந்தது. அது என் சட்டையில் எப்படி உரசும் என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். நிறம் வந்தது, வாசனைகூட வந்தது. சத்தம் வரவில்லை. பதிவை முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டேன்.