செஃபாகோருக்குக் கூடுதல் நேரம்

எங்கள் தலைமையாசிரியர் ஜொகோட்டோவுக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. மாதக்கணக்கில் ட்ரோட்ரோ என்கிற ஷேர் வேனில் நசுங்கி, ஹோ நகரத்துக் கல்வி அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, செஃபாகோர் என்ற ஒரே ஒரு மாணவிக்காக நான் வாங்கிய அனுமதியை அவர் பெற்றோர் கூட்டத்தில் மைக் வைத்து அறிவித்துவிட்டார். பொதுத்தேர்வில் அவளுக்குக் கேள்வியை வாசித்துக் காட்ட ஓர் ஆள் உண்டு, கூடுதல் நேரமும் உண்டு என்று.

செஃபாகோர் மக்குப் பெண் அல்ல. ரத்த ஓட்டத்தை ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் மறுநாள் எனக்கே பாடம் நடத்துவாள். ஆனால் அச்செழுத்து அவளுக்குப் பிடிகொடுக்காது. மருத்துவர்கள் இதை டிஸ்லெக்சியா என்பார்கள். எங்கள் ஊரில் சோம்பேறித்தனம் என்பார்கள்.

கூட்டத்துக்கு மறுநாள் காலையில் என் வகுப்பு வாசலில் பெற்றோர் வரிசை. பிள்ளைகளுக்கு டிஸ்லெக்சியா இருக்கிறதா என்று பார்க்கலாம் என நான் முன்பு வீடு வீடாகப் போனபோது, "எங்க பரம்பரையிலயே அதெல்லாம் கிடையாது" என்று என்னை விரட்டியடித்த அதே ஆட்கள்தான்.

"மேடம், எம் பையனுக்கும் அது இருக்கு," என்றாள் செலோமின் அம்மா.

"எப்பலேருந்து?"

"நேத்துக் கூட்டம் முடிஞ்சதுலேருந்து."

அவளுக்குப் பின்னால் ட்ரோட்ரோ ஓட்டும் க்வாசிவி. "எம் பொண்ணுக்குக் கணக்கு வராது, இங்கிலீஷ் வராது, சோம்பலும் ஜாஸ்தி. மூணுக்கும் சேத்து எவ்வளவு நேரம் போட்டுத் தருவீங்க?"

"சோம்பலுக்கு இருக்குற நேரத்தையும் கொறச்சிடுவாங்கண்ணே," என்றேன்.

யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத ஜொகோட்டோ எல்லாப் பெயரையும் ஹோவுக்கு அனுப்பி வைத்தார். அங்கே சந்தேகம் வந்துவிட்டது. அதிகாரி நேரில் வருவார், செஃபாகோர் உட்பட எல்லாரையும் பாடப் புத்தகத்திலிருக்கும் ஆமைக் கதையை வாசிக்கச் சொல்வார், சரளமாக வாசிப்பவர் பெயரை நீக்கிவிடுவார் என்று பதில் வந்தது. எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. ஆனாலும் செஃபாகோருக்கு நிஜமாகவே வாசிக்க வராது, அதனால் அவளைப் பற்றிக் கவலையில்லை என்று நினைத்திருந்தேன்.

அதிகாரி அமெகா வந்த அன்று ஜன்னல் முழுக்கப் பெற்றோர் தலைகள். பிள்ளைகளுக்குத் தப்பாக வாசிக்கப் பயிற்சி கொடுத்தவர் தேவாலயத்துப் பாட்டு வாத்தியார். அதனால் எல்லாரும் ஒரே சுருதியில் தடுமாறினார்கள். முதல் வரியில் திக்கல், இரண்டாம் வரியில் பெருமூச்சு, மூன்றாம் வரியில் கண்ணைக் கசக்கல். கொஞ்ச நேரத்தில் பெருமூச்சு விடவேண்டிய இடத்தில் பிள்ளைகளுக்கு முன்னால் அமெகாவே விட்டார்.

செலோம் மட்டும் கடகடவென்று பாடம் முழுவதையும் வாசித்து முடித்தான். பிறகு முகம் வெளுத்துப்போய், "மறந்துட்டேன் சார். மறுபடி மொதல்லேருந்து தப்பா வாசிக்கட்டுமா?" என்று கேட்டான். ஜன்னலில் அவன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

கடைசியாகச் செஃபாகோர். சந்தையில் பொரித்த மீன் விற்கும் அவள் அம்மா என்யோனாம், "எல்லார் முன்னாடியும் திக்கி என் மானத்த வாங்கிடாத" என்று வீட்டில் சொல்லியனுப்பியது அப்போது எனக்குத் தெரியாது. அந்த ஆமைப் பாடத்தைத் தோழியை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, மகள் மனப்பாடம் செய்ததும் தெரியாது. செஃபாகோர் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, ஆமை அழுகிற இடத்தில் அழுதாள், மரம் ஏறுகிற இடத்தில் மூச்சு வாங்கினாள்.

"பள்ளிக்கூடத்துலயே இந்தப் பொண்ணுதான் நல்லா வாசிக்குது. இவ பேர யாரு மேடம் எழுதினது?" என்றார் அமெகா.

"நான்தான் சார்."

அப்போதுதான் கவனித்தேன். மின்விசிறிக் காற்றில் அவள் கையிலிருந்த புத்தகம் சில பக்கம் புரண்டிருந்தது. அவள் வாயில் ஆமை இன்னும் மரம் ஏறிக்கொண்டிருந்தது, புரண்ட பக்கத்துப் படத்திலோ ஒரு பெண் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். இது மனப்பாடம் என்று நான் சொன்னால் பிள்ளை எல்லார் முன்னாலும் பொய்க்காரியாகிவிடுவாள். சொல்லாவிட்டால் தேர்வே போய்விடும்.

என் பார்வையைப் பார்த்து அவள் குனிந்தாள். கிழங்கைப் பார்த்தாள். நிறுத்திவிட்டாள். ஜன்னலில் அவள் அம்மா, வேண்டாம் என்று தலையாட்டினாள். அமெகாவின் பேனா அவள் பெயரை அடிக்கப் போனது.

செஃபாகோர் புத்தகத்தை மூடினாள். "பேர எடுக்காதீங்க சார். எனக்கு வாசிக்க வராது. இது மனப்பாடம்."

பிள்ளைகள் சிரித்தார்கள். செலோம்தான் அதிகம் சிரித்தான்.

"ஏன்டா இளிக்கிற?" ஜன்னலிலிருந்து என்யோனாமின் சந்தைக் குரல் வந்தது. "ஒரு பாடத்தக் காதால கேட்டே மனப்பாடம் பண்ணிருக்கா எம் பொண்ணு. நீ பண்ணுவியா? அவளுக்கு வாசிக்க வராதுதான். அதுக்கு இப்ப என்ன?"

என் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

"எந்தப் பாடத்த வேணா எடுங்க சார்," என்றாள் செஃபாகோர். "நீங்க வாசிங்க. என்ன கேட்டாலும் சொல்றேன்."

அமெகா மரவள்ளிப் பாடத்தை எடுத்து அலுவலக அவசரத்தில் படபடவென்று வாசித்தார். அவள் கையை உயர்த்தினாள்.

"நிறுத்தி நிதானமா வாசிங்க சார். எனக்குக் கூடுதல் நேரம் உண்டு."

அமெகா பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, முதல் வரியிலிருந்து மெதுவாக வாசிக்கத் தொடங்கினார்.