கைப்பையால் அடித்த பெண்

"மாஸ்ரர், அந்தப் பொம்பிளை ஏன் அழுகிறா?"

"சந்தோசத்திலை."

"தமையன் கிடைச்சிட்டானோ?"

"ஓம். தந்தி வந்திருக்கு. கப்பலேறிப் போனவனாம். உயிரோடைதான் இருக்கிறான்."

"பிறகேன் அந்தாளுக்குக் கைப்பையாலை அடிக்கிறா?"

செந்தூரன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். "இவ்வளவு நாளும் கண்டுபிடிக்கேல்லை எண்ட கோவம்."

பதினைந்து வருடங்களுக்கு முன்பு, யுத்தம் முடிந்து துணுக்காய்ப் பக்கம் சனங்கள் மீளக் குடியேறிய முதல் வருடத்தில் கஜனியும் செந்தூரன் மாஸ்ரரும் பேசிக்கொண்டது அது. முன்பள்ளிக் கட்டடத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம், ஜெனரேற்றர் போட்டு, யாரோ கொடுத்துவிட்டுப் போன பழைய ஆங்கிலப் படமொன்றை ஓடவிட்டார்கள். கறுப்பு வெள்ளைப் படம். காணாமற்போன தமையனைத் தேடித்தரச் சொல்லி ஒரு பெண் வருகிறாள். துப்பறிகிறவன் எதைத் தொட்டாலும் பிழையாகிறது. தபால்காரன் வேடம் போட்டு ஒரு வீட்டை வேவு பார்க்கப் போனவனைத் தெருச்சனம் மறித்துக் கடிதம் கேட்க, பொழுதுபடும்வரை ஊருக்கெல்லாம் கடிதம் கொடுத்துவிட்டு வருகிறான். "எங்களைத் தேடி வந்த சீஐடியள் ஒருத்தனும் இப்பிடி இருக்கேல்லையே!" என்று வீரபாகு அண்ணை சொல்ல, கட்டடமே சிரித்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தச் சனம் ஒன்றாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஆங்கிலம் தெரிந்தவன் செந்தூரன் மட்டும். பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தான். கடைசிக் கட்டத்தில் துப்பறிகிறவன் நெடுநேரம் பேசினான். செந்தூரன் இரண்டு வசனத்தில் முடித்தான். "அவன் அவ்வளவு கதைக்கிறான், நீர் இவ்வளவுதான் சொல்லுறீர். மிச்சத்தை ஆருக்கு வைச்சிருக்கிறீர்?" என்று வீரபாகு அண்ணை கேட்டார். முன்வரிசையில் இருந்த கஜனிக்கு மிச்சம் தேவைப்படவில்லை. தமையன் உயிரோடு இருக்கிறான். அது போதும்.

ஏனென்றால் அவளுடைய தம்பி அஜந்தனும் அப்போது காணாமற்போயிருந்தான். யுத்தத்தின் கடைசி நாட்களில் கஜனியும் தாயும் இரண்டு நாள் முன்னதாக வட்டுவாகல் பாலம் தாண்டி இராணுவத்தின் பக்கம் வந்துவிட்டார்கள். அஜந்தன் தன் சிநேகிதன் செந்தூரனோடு பின்னால் வந்தான். முகாமில் அவர்கள் கண்டது செந்தூரனை மட்டும். "அவன் முன்னாலை நிண்ட பஸ்ஸிலை ஏறினவன், அம்மா. நான் கண்டனான்" என்று அவன் சொன்னான். தாய் அந்த பஸ்ஸைப் பற்றிப் பேசிப் பேசியே இருந்து, ஆறு வருடத்தில் கண்ணை மூடினார்.

படம் பார்த்த அடுத்த வருடம் கஜனி செந்தூரனைக் கல்யாணம் செய்தாள். விருப்பம்தான். அந்த விருப்பத்துக்குள், அஜந்தனைக் கடைசியாகக் கண்ட கண்கள் இவருடையவை என்ற எண்ணமும் இருந்தது.

ஒவ்வொரு வருடமும் அஜந்தன் பிறந்த நட்சத்திரத்தன்று கோவிலில் அவன் பெயருக்கு அர்ச்சனை செய்வாள். உயிரோடு இருக்கிறவர்களுக்குச் செய்கிற அர்ச்சனை. "அஜந்தன், ரோகிணி" என்று அவள் சொல்ல, ஐயர் மந்திரத்தோடு சேர்த்துச் சொல்லுவார். செந்தூரன் தேங்காய், பழம் எல்லாம் வாங்கித் தருவான், கோவில்வரை வருவான், உள்ளே மட்டும் வரமாட்டான். "நான் செருப்பைப் பாத்துக்கொண்டு நிக்கிறன், நீர் போட்டு வாரும்." வருடா வருடம் அதே வசனம். அவர்களுடைய பழஞ்செருப்பை யார் எடுக்கப் போகிறார்கள் என்று கஜனி ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டியது வேறொன்று என்று அவளுக்குத் தெரியும். கேட்டால் பதில் வந்துவிடும் என்பதும் தெரியும்.

நாளைக்கு அந்த நட்சத்திரம்.

மத்தியானம் மகள் லக்சிகா கைத்தொலைபேசியோடு குசினிக்குள் வந்தாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. தகப்பனைப் போல ஆங்கிலம் வரும்.

"அம்மா, நீங்கள் சொல்லுற அந்தத் தபால்காரன் படம் கிடைச்சிட்டுது. கீழை எழுத்தும் ஓடுது, நான் வாசிச்சுச் சொல்லுறன்."

கஜனி முருங்கையிலை உருவிக்கொண்டே பார்த்தாள். தபால்காரன் கட்டத்தில் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசிக் கட்டம் வந்தது. தந்தி, அழுகை, கைப்பை.

"எனக்கு இது தெரியும். தமையன் கப்பலேறிப் போயிட்டான்" என்றாள் கஜனி.

"கப்பலோ? கப்பல் எங்கையம்மா வருது? தமையன் செத்துப்போனான் எண்டுதான் தந்தி. அந்தாளுக்கு அது முதல் நாளே தெரியுமாம்."

"வடிவாப் பாத்துச் சொல்லு."

லக்சிகா பின்னுக்கு விட்டு, எழுத்தெழுத்தாக வாசித்தாள். "'நீ என்னட்டை வந்த அண்டைக்கே எனக்குத் தெரியும். சொன்னால் நீ அழுவாய், பிறகு திரும்பி வரமாட்டாய். அதுதான் தேடிக்கொண்டே இருந்தனான்.' அதுக்குத்தான் அவா அடிக்கிறா. நல்லா வேணும் அவருக்கு!" அவள் சிரித்தாள். பிறகு தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "பகிடிப் படம்தானே அம்மா. அப்பா அண்டைக்குப் பிழையா விளங்கியிருப்பார்."

இங்கிலிஷ் மாஸ்ரருக்குப் பிழையாக விளங்கவில்லை. முன்வரிசையில் இருந்தவளுக்காகத்தான் அவர் அன்று கதையை மாற்றினார். கஜனிக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. தந்தியை மாற்றத் தெரிந்தவருக்கு பஸ்ஸையும் மாற்றத் தெரியும் என்ற ஒன்றுதான் திரும்பத் திரும்ப வந்தது. உருவிய இலையையே மறுபடி உருவிக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு ரியூசன் முடித்துச் செந்தூரன் மோட்டார்சைக்கிளில் வந்தான். காண்டிலில் ஒரு பை தொங்கியது. கஜனி மகளைக் கூப்பிட்டாள்.

"நாகேஸ்வரி அன்ரி வீட்டை போய்ப் பூ ஆய்ஞ்சுகொண்டு வா, பிள்ளை. அவசரமில்லை, ஆறுதலா வா."

பையிலிருந்ததை அவன் மேசையில் எடுத்து வைத்தான். தேங்காய், கதலிப்பழம், வெற்றிலை, கற்பூரம்.

"தேங்காயைத் தட்டிப் பாத்துத்தான் எடுத்தனான். போனமுறை மாதிரி அழுகலா இராது." அவன் கதிரையை இழுத்து இருந்தான். "என்னப்பா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு? தலையிடியே?"

அவள் தேத்தண்ணியை அவன் முன்னால் வைத்தாள். "லக்சிகா அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினவள். கடைசிமட்டும்."

செந்தூரன் கோப்பையைத் தூக்கவில்லை. முற்றத்தில் மோட்டார்சைக்கிள் டிக் டிக்கென்று சூடு ஆறிக்கொண்டிருந்தது. அவன் தேங்காயைப் பார்த்தான். பிறகு தன் கைகளைப் பார்த்தான்.

"நீர் முன்னுக்கு இருந்தனீர், கஜனி. உம்மடை முகத்தைப் பாத்துக்கொண்டு என்னாலை சொல்ல ஏலாமல் போச்சு."

"அது எனக்கு விளங்குது."

"அந்தப் பொம்பிளை அடிச்ச மாதிரி நீரும் அடியும்."

"அடிக்க மாட்டன்." அவள் அவனுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். முகம் பார்த்தால் அவன் மறுபடியும் கதையை மாற்றிவிடுவான் என்று நினைத்தாளோ என்னவோ, முற்றத்தையே பார்த்தாள். அவன் கையை மட்டும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு ஐயர் பேரும் நட்சத்திரமும் கேப்பார். சொல்லுறதோ விடுறதோ எண்டு எனக்குத் தெரிய வேணும். நான் எங்கையும் போகமாட்டன், இஞ்சைதான் இருப்பன். பாலத்தடியிலை தம்பிக்கு என்ன நடந்ததெண்டு சொல்லுங்கோப்பா. கண்டதைக் கண்டபடி சொல்லுங்கோ."