மணி அடித்தால் கேஸ் நிற்கும்

"தலைப்பக்கத்தத் தூக்குங்கப்பா, தலைப்பக்கத்த!" என்று காளை கத்தினான்.

ஆம்புலன்ஸிலிருந்து சோணைமுத்துவை இறக்கிக்கொண்டிருந்தார்கள். விளாங்குடியில் அந்தச் சந்துக்குள் ஆட்டோ நுழைவதே பெரும்பாடு. வண்டியை முக்கிலேயே நிறுத்திவிட்டு அங்கிருந்து தூக்கிவர வேண்டியிருந்தது. கால்பக்கம் பிடித்திருந்தவன் வெள்ளைத்துரை, செத்தவரின் மச்சினன். ஆஸ்பத்திரியில் உச்சி முதல் பாதம்வரை துணி சுற்றி, முகத்தைத் திறக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பிரீசர் பெட்டியில் வைத்ததும் அவன் அக்கா தமிழ்வாணி கண்ணாடிமேல் விழுந்தாள்.

"மொகத்தக்கூட காட்டாமப் போறீகளே!"

வெள்ளைத்துரை வெளியே வந்து சாமியானா பந்தலின் ஓரமாக உட்கார்ந்தான். அங்கே காளை ஆரம்பித்திருந்தான். சோணைமுத்துவுக்குச் சித்தப்பா மகன். எந்த இழவு வீட்டிலும் துப்பறியாமல் அவனுக்குக் காப்பி இறங்காது.

"இருவது வருசமா அடுப்புகிட்ட நின்ன மனுசன். தீப்பிடிச்சா ஓடணும்னு தெரியாதா? பத்துப் பேர வெளிய பத்திவிட்டுட்டு இவரு மட்டும் உள்ள நின்னாராம். என்ன அர்த்தம்? காலைலயே ஊத்திருக்காருய்யா."

சோணைமுத்து சமைத்த ஓட்டலிலிருந்து ரோஜா மாலையோடு வந்திருந்த சூப்பர்வைசர் தலையாட்டினான். "நம்ம கிச்சன்லயும் அப்பிடித்தாண்ணே பேசிக்கிறாங்க. மாஸ்டர் நெதானத்துல இல்லன்னு."

அடப்பாவி, என்று வெள்ளைத்துரைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து அறைந்திருக்கலாம். ஆனால் மச்சான் ஏன் உள்ளே நின்றார் என்று அந்தப் பந்தலில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் அந்தச் சூப்பர்வைசர். இன்னொருவன் இவன்.

அந்தச் சமையலறையில் தீ அலாரத்தையும் கேஸ் குழாய் வால்வையும் இணைக்கச் சொல்லி, அது வராமல் கரண்டியைத் தொட மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றவர் சோணைமுத்துதான். அலாரம் அடித்தால் வால்வுக்குப் போகும் கரண்ட் அறுந்து, வால்வு தானாக மூடிக்கொள்ளும். எலக்ட்ரீஷியனான மச்சினனைக் கூப்பிட்டே வயரிங்கை முடித்தார். "மணி அடிச்சா கேஸ் நின்னுரும். அப்பறம் பதற வேணாம், ஈரச் சாக்கப் போட்டு அமுக்குனா சோலி முடிஞ்சுது" என்று வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் பாடம் எடுப்பார்.

வந்தது வினை மிளகாய் வற்றலில். தாளிப்புப் புகை மேலே போனாலே அலாரம் அலறியது. மதியம் ஒரு மணிக்கு, பந்திக்கு ஆள் நிற்கும்போது, பன்னிரண்டு அடுப்புகளும் ஒருசேர அணைந்தன. புகைக்குப் பதில் சூட்டுக்கு அடிக்கும் கருவியை மாட்டினால் தீரும். அது வரப் பத்து நாளாகும். மச்சானுக்கு லீவு நாளான செவ்வாய்க்கிழமை சூப்பர்வைசர் கூப்பிட்டான். "வால்வுக்கு நேரா ஒரு லைன் குடுத்துரு மாப்ள. மணி அடிச்சா அடிச்சிட்டுப் போகட்டும். மாஸ்டர்ட்ட மூச்சு விட்றாத, தெரிஞ்சா அடுப்பப் பத்தவைக்க மாட்டாரு."

அவன் கொடுத்தான். முழ நீள வயர், ஐந்து நிமிட வேலை. நாளைக்குத் தாளிக்கும்போதே மணி அடிக்கும், கேஸ் நிற்காது, மச்சான் போனில் காது கிழியத் திட்டுவார், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். முதல் மணி தாளிப்புக்கு அடிக்கவில்லை. புதன்கிழமை காலை வடைச் சட்டி எண்ணெய் பற்றிக்கொண்டதற்கு அடித்தது.

இரண்டு நாள் உயிர் இருந்தது. வெள்ளிக்கிழமை விடியும்போது உதடு மட்டும் அசைந்தது.

"மாப்ள, மணி அடிச்சுச்சுடா. கேஸ் நிக்கலையே. என்னன்னு போய்ப் பாரு. வேற எவனும் மாட்டிக்கப் போறான்."

"பாக்குறேன் மச்சான்."

பொழுது ஏறுவதற்குள் மச்சான் போய்விட்டார்.

"பொறந்த வீட்டுக் கோடி யாருப்பா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அப்பா இல்லாத வீடு. கோடிச் சேலையைத் தம்பிதான் போட வேண்டும். பெரியம்மா சேலையை அவன் கையில் கொடுத்தாள். கொட்டு முன்னால் போக, அவன் உள்ளே நடந்து அக்காவின் தோளில் சேலையைப் போட்டான். தமிழ்வாணி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தொரை, காளைக் கொழுந்தன் சொல்றது நெசமா? எனக்குத் தெரியாமக் குடிச்சாராடா? நீதான அவருகூடவே இருந்த."

இல்லை என்ற ஒரு சொல்லோடு நிறுத்தியிருக்கலாம். அவனால் நிறுத்த முடியவில்லை.

"குடிக்கலக்கா. மணி அடிச்சுருச்சு, கேஸ் நின்னுருக்கும்னு நம்பித்தான் சாக்கத் தூக்கிட்டுப் போனாரு. அத நிக்க விடாமப் பண்ணுனது நான்தான். சூப்பர்வைசரு சொன்னான், வயர மாத்திக் குடுத்தேன்."

ஒப்பாரி ஒவ்வொரு வாயாக ஓய்ந்தது. தமிழ்வாணி அழுகையை நிறுத்திவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. கேட்டாரு. பாக்குறேன்னு சொன்னேன்."

அவள் தோளிலிருந்த சேலையை உருவினாள்.

"ஏ தமிழு! பொறந்த வீட்டுக் கோடியக் கழட்டாதடி, ஆகாது!" என்று பெரியம்மா பதறினாள்.

தமிழ்வாணி சேலையை அவன் கையில் திணித்தாள். "எம் புருசனக் குடிகாரன்னு பேசிக்கிட்டு இருக்காங்கள்ல, வெளிய இருக்கிற அம்புட்டுப் பேருகிட்டயும் இதச் சொல்லு. சொல்லிட்டு வந்து போடு."

அவன் வாசலுக்கு வந்தான். போலீஸ், கேஸு, ஜெயில் எல்லாம் நினைவுக்கு வந்தன. கையில் சேலையைப் பார்த்த சூப்பர்வைசர் நாற்காலியை விட்டு மெல்ல எழுந்தான். கொட்டுக்காரர்களும் பார்த்தார்கள். அடுத்த கோடி வருகிறதென்று நினைத்து முன்னைவிட ஓங்கி அடிக்க ஆரம்பித்தார்கள்.

"மச்சான் குடிக்கல" என்றான். யாருக்கும் கேட்கவில்லை. "எல்லாரும் கேளுங்க" என்று கத்தினான். காளை காதுக்குப் பின்னால் கையை வைத்து, என்ன என்பதுபோலத் தலையை ஆட்டினான்.

வெள்ளைத்துரை நேராகப் போய், அதிர்ந்துகொண்டிருந்த மேளத்தின் தோல்மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினான்.